பிறர் வாழ்வைப் படம் பிடித்தல்

மூன்றாம் ஆண்டு இளங்கலை, வரலாற்றுத் துறை

எங்கள் ஊர் படூர். பழைய மாமல்லபுரம் சாலையில் கேளம்பாக்கத்திற்குச் சற்று முன்னால் உள்ளது. நான் சிறுவனாக இருந்தபோது ஒரு கோடையில், எங்கள் ஆயா வாசலில் பாய் விரித்துக் கூழ்வடகம் பிழிந்துகொண்டிருந்தார். மாமல்லபுரம் நோக்கிப் போன கார் ஒன்று நின்றது. வெளிநாட்டுக்காரர் ஒருவர் இறங்கி வந்தார், நான்கைந்து படங்கள் எடுத்தார், கைகூப்பிவிட்டுப் போய்விட்டார். ஆயாவுக்குக் கோபமில்லை. ஆனால் அன்று மாலை அப்பாவிடம் கேட்டார்: "ஏம்ப்பா, அந்தப் படத்த அவங்க ஊர்ல காட்டி, இது இன்னான்னு சொல்லுவாரு?"

அப்பாவால் பதில் சொல்ல முடியவில்லை. இன்று கையில் கைப்பேசி வைத்திருப்பவரெல்லாம் புகைப்படக்காரர். ஊர்விட்டு ஊர் போகிறவரெல்லாம் படத் தயாரிப்பாளர். நம் கல்லூரி நண்பர்களிலும் பயணப் படம் எடுக்கும் ஆர்வமுடையோர் உண்டு. நமக்குப் பழக்கமில்லாத ஒரு நாட்டாரின் வாழ்வைப் படமாக்க விரும்புவோர், காமிராவைப் பற்றிக் கற்பதற்கு முன் இந்தக் கேள்வியை எதிர்கொள்ள வேண்டும் என்பது என் எண்ணம்.

இத்துறையில் நமக்கு முன்னோடி ஒருவர் இருக்கிறார். கோட்டையூரில் 1911-இல் பிறந்த ஏ. கே. செட்டியார் டோக்கியோவில் புகைப்படக் கலை பயின்றார். பின்னர் 1937-இல் நியூயார்க்கில் அக்கல்வியைத் தொடர்ந்தார். அவ்வாண்டு அக்டோபர் 2-ஆம் நாள் நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குச் செல்லும் கப்பலில் இருந்தபோது, அன்று பிறந்த நாள் காணும் காந்தியடிகளைப் பற்றி ஒரு முழுநீள விவரணப் படம் எடுக்கலாமே என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியது. அப்போது அவருக்கு இருபத்தாறு வயது நிரம்பவில்லை.

அவர் செய்ததைக் கவனிக்க வேண்டும். காமிராவைத் தூக்கிக்கொண்டு காந்தியடிகளின் பின்னால் மட்டும் ஓடவில்லை. அதற்கு முன் முப்பது ஆண்டுகளில் பல நாட்டவர் பல இடங்களில் எடுத்து வைத்திருந்த படச் சுருள்களைத் தேடி ஏறத்தாழ ஒரு லட்சம் மைல் பயணம் செய்தார். கோகலே 1912-இல் தென்னாப்பிரிக்கா சென்றபோது எடுத்த படமும் அவர் கைக்குக் கிடைத்தது. சேர்ந்தவை சுமார் 50,000 அடி. அதிலிருந்து 12,000 அடியைத் தேர்ந்து 1940-இல் படத்தை வெளியிட்டார். பேசும் பட வேகத்தில் 50,000 அடி ஓட ஒன்பது மணி நேரத்திற்கு மேலாகும். 12,000 அடி சுமார் இரண்டே கால் மணி நேரம். நான்கில் மூன்று பங்குக்கும் மேலாகத் தள்ளி வைத்திருக்கிறார் என்று பொருள். கிடைத்ததையெல்லாம் காட்டிவிடத் துடிக்கும் நமக்கு இது சற்று உறைக்க வேண்டும்.

அதே 1940-இல் 'உலகம் சுற்றும் தமிழன்' என்ற அவரது நூலும் வெளிவந்தது. பின்னாளில் 'குமரி மலர்' இதழை நடத்தினார். 1983-இல் மறைந்தார். இவ்வளவு ஊர் சுற்றியவர் தம்மைப் பற்றிப் பேசுவதில் பெரிதும் கூச்சமுடையவர். இன்றைய பயணப் படங்களில் மலையை மறைத்துக்கொண்டு எடுத்தவரே நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் செட்டியாரின் நினைவு வருகிறது.

பிலிம் காலத்தில் சிக்கனமே ஒரு ஆசானாக இருந்தது. 16 மில்லிமீட்டர் பிலிமில் 100 அடிச் சுருள், நொடிக்கு 24 படம் வீதம் ஓடினால், இரண்டே முக்கால் நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஆகவே பொத்தானை அழுத்துமுன் நின்று பார்த்தார்கள். கருவியும் சில சமயம் பொய் சொல்லும். ஊமைப்படக் காலத்தில் நொடிக்கு ஏறத்தாழ 16 படமே எடுத்தார்கள். அதை 24 வீதம் ஓட்டினால் நடப்பவரெல்லாம் ஓடுவார்கள். பழைய படங்களில் காந்தியடிகள் அவ்வளவு விரைந்து நடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். (இயல்பாகவே அவர் வேகமாக நடப்பவர் என்பதும் உண்மைதான்.)

கருவி சொல்லும் பொய்யைக் கண்டுபிடித்துவிடலாம். எடுப்பவருக்கு விளங்காமல் போவதைக் கண்டுபிடிப்பது கடினம். மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசுப் பாறையை எடுத்துக்கொள்வோம். அது கிழக்கு நோக்கியது. ஆகவே முற்பகலில், வெயில் மேலிருந்து சாய்ந்து விழும்போது உருவங்கள் நன்கு புடைத்துத் தெரியும். பிற்பகலில் பாறை நிழலில் கிடக்கும். இதை ஒரே நாளில் எவரும் கற்றுக்கொள்ளலாம். அப்பாறையின் கீழ்ப்பகுதியில் முன்னங்கால்களை மேலே தூக்கி நிற்கும் பூனை ஒன்றும், அதனருகே எலிகளும் உண்டு. வெளிநாட்டுப் பயணிகள் அதைக் கண்டு சிரித்துப் படமெடுத்துக்கொண்டு நகர்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பூனை தவம் செய்வதாக நடித்து எலிகளை ஏய்த்த கதை மகாபாரதத்தில் உள்ளது. அதை அறிந்தவர், மேலே ஒற்றைக்காலில் கையுயர்த்தி நிற்கும் மெய்த் தவசியையும் கீழே அதே கோலத்தில் நிற்கும் போலித் தவசியையும் சேர்த்துப் பார்ப்பார். அவர் படத்தின் சட்டமே வேறாக இருக்கும். பூனை மட்டும் தனியே நின்றால் அது வேடிக்கைப் படம்.

நாமும் எல்லாம் அறிந்தவர்கள் அல்லர். அந்தத் தவசி அர்ச்சுனனா, கங்கையைக் கொணர்ந்த பகீரதனா என்பதில் அறிஞர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. படத்தின் கீழே ஒரு பெயரை எழுதும்போதே நாம் ஒரு கட்சியில் சேர்ந்துவிடுகிறோம்.

பெரிய கலைஞர்களும் இங்கே இடறியிருக்கிறார்கள். அமெரிக்கரான ராபர்ட் பிளாகர்ட்டி 1922-இல் வெளியிட்ட 'நானூக் ஆஃப் தி நார்த்' என்ற படம் வடதுருவப் பகுதியின் இனூயிட் மக்களைப் பற்றியது. விவரணப் பட உலகின் தொடக்கங்களுள் ஒன்றாகப் போற்றப்படுவது. பனி வீட்டினுள் காமிராவுக்குப் போதிய வெளிச்சமும் இடமும் இல்லாததால் பாதி வீட்டை வெட்டித் திறந்துவிட்டு எடுத்தார்கள். துப்பாக்கி பழகிவிட்ட மக்களைப் பழைய ஈட்டியால் வேட்டையாடச் செய்தார். கதாநாயகனின் பெயர்கூட நானூக் அன்று. வீட்டை வெட்டியதை நான் பொறுத்துக்கொள்வேன். வெளிச்சமில்லாமல் என்ன செய்வது? துப்பாக்கியைப் பிடுங்கி ஈட்டியைக் கொடுத்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. நம் ஊருக்கு ஒருவர் வந்து, பம்புசெட்டை மறைத்துவிட்டு ஏற்றம் இறைக்கச் சொன்னால் எப்படியிருக்கும்? ஆயினும், எடுத்த படத்தை அங்கேயே கழுவி அம்மக்களுக்குப் போட்டுக் காட்டினார் என்பதையும் சொல்ல வேண்டும். பின்வந்தோர் பலர் அதைக்கூடச் செய்யவில்லை.

பிரெஞ்சு இயக்குநர் லூயி மால் 1968-இல் இரண்டு துணைவருடன் இந்தியா வந்து மாதக்கணக்கில் சுற்றினார். அவர் எடுத்தவை ஏழு பகுதிகளாகத் தொலைக்காட்சியில் வந்தன. ஒரு பகுதி முழுவதும் சென்னையைப் பற்றியது. மயிலைக் கபாலீசுவரர் தேரும் கலாக்ஷேத்திர நடனமும் அதில் உண்டு. இப்படங்களை பி.பி.சி. ஒளிபரப்பியபோது, நம் வறுமையையே காட்டுகிறது என்று இந்திய அரசு கண்டித்தது, 1970-இல் பி.பி.சி.யின் தில்லி அலுவலகமே மூடப்பட்டது. கண்டனத்தில் நியாயம் ஓரளவு உண்டு. ஆனால் மால் ஒன்றை மறைக்கவில்லை. தம் காமிராவை வெறித்துப் பார்க்கும் முகங்களை அவர் வெட்டி எறியாமல் அப்படியே வைத்தார். தாம் அழையாமல் நுழைந்தவர், காண்பது பலவும் தமக்கு விளங்கவில்லை என்று விளக்கவுரையிலேயே ஒப்புக்கொண்டார். ஆயாவின் கேள்விக்கு, "இன்னதென்று எனக்குத் தெரியவில்லை, அம்மா" என்பதும் ஒரு நேர்மையான பதில்தானே.

எழுதுவது எளிது. நானே செய்து பார்த்த கதையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பகுதியில் வெளிநாட்டு மாணவர்கள் பலர் வாடகைக்குத் தங்கிப் படிக்கின்றனர். அவர்களுள் எத்தியோப்பிய நண்பர் ஒருவர், தம் நாட்டு முறைப்படி காப்பி போடுவதைப் படமெடுக்க இசைந்தார். பச்சைக் காப்பிக்கொட்டையை நம் எதிரிலேயே வறுத்து, அந்தப் புகையை விருந்தினர் முகரத் தந்து, இடித்து, கழுத்து நீண்ட மண்கூசாவில் காய்ச்சிச் சிறு கிண்ணங்களில் ஊற்றுகிறார்கள். வறுக்கும் ஓசையை அருகில் வைத்துப் பதிவு செய்தேன். சன்னல் வெளிச்சமும் வாய்த்தது. முதல் கிண்ணம் குடித்ததும் காப்பி முடிந்ததென்று கைப்பேசியை அணைத்துவிட்டேன். பின்பு எல்லோரும் அரட்டையில் இறங்கினோம். அவர் இன்னும் இருமுறை தண்ணீர் விட்டுக் காய்ச்சி ஊற்றினார். நான் குடித்தேனே தவிர, எடுக்கவில்லை.

நான்கு நிமிடப் படமாகத் தொகுத்து அவரிடம் கொடுத்தேன். நன்றாயிருக்கிறது என்று மகிழ்ந்து, ஊரிலுள்ள தம் தாயாருக்கு அனுப்பினார். மறுநாள் அவர் தாயார் கேட்ட கேள்வி எனக்கு வந்தது: மற்ற இரண்டு கிண்ணம் எங்கே? அப்போதுதான் நண்பர் விளக்கினார். முதல் சுற்று அபோல், இரண்டாவது தோனா, மூன்றாவது பரக்கா. பரக்கா என்றால் ஆசி. மூன்றாவதைக் குடிக்காமல் எழுந்து போவது முறையன்று. நான் எடுத்த படத்தில் விருந்து ஆசி பெறாமலே முடிந்திருந்தது.

இரண்டு வாரம் கழித்து மீண்டும் வறுக்கலாம் என்றார். இம்முறை கைப்பேசியை முதல் ஒரு மணி நேரம் பையிலேயே வைத்திருப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். படத்தின் கீழ் வர வேண்டிய விளக்கத்தை அவர் தாயார் தம் மொழியில் சொல்லி அனுப்புகிறாராம். அதைத் தமிழில் எழுத வேண்டியதே என் வேலை.