முதுமையின்மேல் நாம் சுமத்தும் பழி

முதுமைக்கு ஓர் இயல்பு உண்டு. எந்தக் குறையைச் சுமத்தினாலும் மறுப்புரையாமல் ஏற்றுக்கொள்ளும். பாட்டியின் பாதங்கள் மரத்துப் போகின்றனவா? வயதாகிவிட்டது என்கிறோம். தாத்தாவின் நடை தள்ளாடுகிறதா? நேற்றுச் சொன்னதை இன்று மறக்கிறாரா? எல்லாம் வயதுதான் என்று அமைந்துவிடுகிறோம். ஆயின் இவற்றுட் சில வயதின் குற்றம் அல்ல. அணுவளவே வேண்டப்படும் ஓர் உயிர்ச்சத்தின் குறை. வயதைத் திருப்புதல் இயலாது. இக்குறையைத் தீர்த்தல் இயலும். அதுவும் காலத்தே கண்டால்தான் இயலும்.

தொழிலின் பொருட்டு வெளிமாநிலங்களில் குடியேறிய நம்மவர் பலர், வயது முதிர்ந்த பெற்றோரைத் தம்மிடம் அழைத்துக்கொள்கின்றனர். ஊரில் கோயிலுக்கும் கடைத்தெருவுக்கும் நாளும் நடந்து பழகியவர்கள், மொழி அறியாத நகரில் நான்காம் மாடி வீட்டுக்குள் அடங்கிவிடுகிறார்கள். படுக்கையில் விழவில்லையாதலால் நலமாகவே இருக்கிறார்கள் என்று நாம் எண்ணுகிறோம். இங்ஙனம் நலமாகத் தோன்றும் முதியோரிடம் மறைந்து கிடக்கக்கூடிய குறைகளுள் இரண்டை நாம் சிறப்பாக அறிந்திருத்தல் வேண்டும். ஒன்று வைட்டமின் பி12; மற்றொன்று வைட்டமின் டி.

பி12 சத்து நாளொன்றுக்கு 2.4 மைக்ரோகிராம் போதும் என்பது பலரும் ஏற்ற அளவு. ஒரு கிராமைப் பத்து லட்சம் கூறிட்டால் அதில் இரண்டரைக் கூறுகூட இல்லை. ஆயினும் இவ்வணுவளவு இன்றி இரத்தமும் ஊறாது, நரம்பும் நிலைபெறாது. உயிரையே மாய்த்துவந்த ஒருவகைச் சோகையை, நாள்தோறும் ஈரலை உண்ணச் செய்து தணிக்கலாம் என்று அமெரிக்க மருத்துவர்களான மைனாட்டும் மர்பியும் 1926-இல் காட்டினர். ஈரலில் மறைந்திருந்த அப்பொருள் 1948-இல் செந்நிறப் படிகமாகப் பிரித்தெடுக்கப்பட்டது. அதுவே பி12.

இச்சத்தைப் படைப்பவை நுண்ணுயிர்கள். நமக்கு இது இறைச்சி, மீன், முட்டை, பால் ஆகியவற்றின் வழியே வந்து சேர்கிறது. கீரையும் பருப்பும் எத்துணை உண்டாலும் இது கிட்டாது. மாவு புளிப்பதால் இட்டலியில் இச்சத்து விளையும் என்று நம்பியிருத்தலும் தகாது. எனவே மரக்கறி உண்போர்க்குப் பாலும் தயிருமே துணை. ஒரு டம்ளர் பாலில் ஏறக்குறைய ஒரு மைக்ரோகிராம் இருக்கும். காப்பிக்கு விடும் சிறிதளவு பாலும், நீர் பெருக்கிய மோரும் நாளின் தேவையை நிறைவு செய்யா என்பது இதனால் விளங்கும்.

புலால் உண்போரும் கவலையற்று இருத்தற்கில்லை. உணவோடு பிணைந்த பி12-ஐப் பிரித்தெடுப்பது இரைப்பையின் அமிலம். வயது ஏற ஏறப் பலருக்கு இரைப்பையின் உட்சுவர் மெலிந்து அமிலம் குன்றுகிறது. ஐம்பதைக் கடந்தோரில் நூற்றுக்குப் பத்து முதல் முப்பது பேர்வரை உணவிலுள்ள பி12-ஐச் சரிவர ஏற்க இயலாதவராக இருக்கக்கூடும் என்று அமெரிக்க வல்லுநர் குழுவொன்று 1998-இல் கணித்தது. மாத்திரையில் உள்ள பி12 எதனோடும் பிணைந்திராததால் அதற்கு அமிலத்தின் துணை வேண்டுவதில்லை. நீரிழிவுக்கு உண்ணும் மெட்பார்மினும், நெஞ்செரிச்சலுக்கு ஆண்டுக்கணக்கில் விழுங்கப்படும் ஒமெப்ரசோல், பான்டோப்ரசோல் போன்ற மாத்திரைகளும் இச்சத்தின் வரவைக் குறைப்பன. இம்மருந்துகளைத் தாமாக நிறுத்துதல் கூடாது. பி12 அளவைப் பார்க்குமாறு மருத்துவரைக் கேட்டல் வேண்டும்.

ஈரல் இச்சத்தைச் சில ஆண்டுகளுக்குப் போதுமான அளவு சேமித்து வைக்கிறது. ஆதலின் குறை திடீரெனத் தோன்றாது, படிப்படியாக வரும். கைகால்களில் ஊசி குத்துவது போன்ற உணர்வு, மரமரப்பு, இருட்டில் நடக்கையில் தடுமாற்றம், நாக்குப் புண், சோர்வு, மறதி, மனத்தளர்ச்சி ஆகியவை இதன் அறிகுறிகள். நெடுநாள் கவனியாது விட்டால் நரம்புக்கு நேர்ந்த கேடு முற்றும் மீளாமலே போகலாம்.

இங்கே ஒரு பொறியும் உண்டு. 1928 முதல் பம்பாயில் ஆலைத்தொழில் செய்த கருவுற்ற பெண்களின் சோகையை ஆராய்ந்த லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர், ஈஸ்ட் சாறு அதைத் தீர்ப்பதைக் கண்டார். அதிலிருந்த சத்து போலிக் அமிலம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. இந்தப் போலிக் அமிலம் பி12 குறையால் வந்த சோகையையும் ஓரளவு போக்கிவிடும். நரம்பின் சிதைவையோ தடுக்காது. இரத்தம் தேறிவிட்டது என்று நாம் மகிழ்ந்திருக்கையில் நரம்பு உள்ளே நலிந்துகொண்டிருக்கும். ஆகவே பி12 நிலையை அறியாமல் முதியோர்க்குப் போலிக் அமில மாத்திரையை மட்டும் வாங்கிக் கொடுத்தல் தவறு.

இனி, வைட்டமின் டி. இதனைப் பெரும்பாலும் நம் தோலே வெயிலின் துணைகொண்டு ஆக்கிக்கொள்கிறது. முதியோரின் தோலுக்கு அவ்வாற்றல் இளமையில் இருந்ததைவிட மிகக் குறைவு. கண்ணாடிச் சாளரத்தின் உள்ளே அமர்ந்து வெயில் காய்வதால் பயனில்லை; வேண்டிய கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். விடியற்கால உலாவும் உடலுக்கு நன்றேயாயினும் இச்சத்தை அதிகம் தராது. நம் நிழல் நம் உயரத்தினும் குறுகியிருக்கும் வேளையே ஏற்றது என்பது எளிய கணக்கு. சென்னையில் மார்கழி நண்பகலிலும் நிழல் ஆளினும் குறுகியே விழும்; டில்லியிலோ அந்நாளின் உச்சிவேளையிலும் ஆளினும் நீண்டே கிடக்கும். அதன்மேல் பனிமூட்டமும் புகையும் சேர்ந்தால் கேட்கவேண்டுவதில்லை. ஊரில் முற்றத்திலும் திண்ணையிலும் கேளாமற் கிடைத்த வெயில், இங்கே தேடிப் பெறவேண்டிய பொருளாகிவிட்டது.

அறுநூறு அலகும், எழுபது வயதுக்கு மேல் எண்ணூறு அலகும் நாளொன்றுக்கு வேண்டும் என்று அமெரிக்க வல்லுநர் 2011-இல் வரையறுத்தனர். ஆயின் மிகுந்தால் மிகுந்த நன்மை என்று எண்ணலாகாது. ஆஸ்திரேலியாவில் எழுபது வயது கடந்த பெண்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை ஐந்து லட்சம் அலகு கொடுத்துப் பார்த்தபோது, கீழே விழுதலும் எலும்பு முறிதலும் கூடினவேயன்றிக் குறையவில்லை. இது 2010-இல் வெளிவந்த முடிவு. பொதுவாக நலமுடன் இருந்தோர்க்கு நாளும் 2,000 அலகு கொடுத்த அமெரிக்க ஆய்வில் எலும்பு முறிவு குறையவில்லை என்று 2022-இல் அறிவிக்கப்பட்டது. வாரம் ஒன்றாக உண்ணும் 60,000 அலகு மருந்தை, மருத்துவர் குறித்த காலம் கடந்தும் தாமே வாங்கி உண்பவர் உளர். அளவு மீறினால் இரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தியும் மலச்சிக்கலும் மனக்குழப்பமும் விளையும், சிறுநீரகமும் கெடும்.

நாம் செய்யத்தக்கவை அரியன அல்ல. பெற்றோர் உண்ணும் மருந்துகள் அனைத்தையும் ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் காட்டுவோம். மரக்கறி உண்போர், மேற்சொன்ன மருந்துகளை உண்போர், கால் மரப்போ மறதியோ உடையோர் ஆகியோர்க்குப் பி12 சோதனை வேண்டுமா என்று கேட்போம். நம் வீட்டு முதியோர் பலர் இவ்வகையினரே. இயன்றவரை பாலும் தயிரும் நாளும் கிடைக்கச் செய்வோம். குளிர்காலத்தில் நண்பகல் வேளை மாடிக்கோ பூங்காவுக்கோ கைப்பிடித்து அழைத்துச் செல்வோம்.

இவை எல்லாவற்றிற்கும் முற்பட்ட கடமை ஒன்று உண்டு. பெற்றோர் தம் உடற்குறையைத் தாமாக எடுத்துரைப்பது அரிது. பிள்ளைக்குச் செலவாகுமே, மருமகளுக்குத் தொல்லையாகுமே என்று கூசி அடக்கிக்கொள்வர். புதிய ஊரில் மருத்துவரிடம் தம் நோவைச் சொல்லும் மொழியும் அவர்களுக்கு இல்லை. நாமே அருகில் அமர்ந்து, கால் மரக்கிறதா, நடக்கையில் தள்ளுகிறதா என்று கேட்டு, அவர்கள் சார்பில் மருத்துவரிடம் உரைத்தல் வேண்டும். வயதின்மேல் பழி போடுமுன் ஒருமுறை சோதித்துப் பார்த்துவிடுவோம்.