நாயின் குடற்புழுவைக் காட்டிக் கொடுக்கும் மலப் பரிசோதனை

வாடிப்பட்டி வட்டாரத்தில் பெரியாறு வாய்க்கால் பாசன வயல்களில் அறுவடைக்குப் பின் ஆட்டுக்கிடை போடுவது வழக்கம். கிடைக்குக் காவலாக நாயும் வரும். ஆட்டுக்குத் தவறாமல் குடற்புழு மருந்து கொடுக்கும் விவசாயிகள்கூட நாயை மறந்துவிடுகிறார்கள். நாயின் குடலில் வளரும் புழு நாயோடு நின்றுவிடுவதில்லை.

நாய் இளைத்து, ஈறும் கீழிமையின் உட்புறமும் வெளுத்து, மலம் தார் போல் கறுத்துப் போனால் கொக்கிப்புழு இரத்தம் உறிஞ்சுகிறது என்று ஐயுறலாம். ஆனால் வெளுப்புக்கு வேறு காரணங்களும் உண்டு. ஐயத்தைத் தீர்க்க ஊசி குத்தவோ நாயைக் கட்டிப் பிடிக்கவோ வேண்டியதில்லை. அது போட்ட மலமே போதும்.

விதை நெல்லை உப்புக் கரைசலில் போட்டுப் பொக்கு நெல்லைப் பிரிக்கிறோம் அல்லவா? அதே முறைதான் இங்கும். சிறிது மலத்தைத் தெவிட்டிய உப்புக் கரைசலில் கலக்கி வடிகட்டிச் சுமார் 15 முதல் 20 நிமிடம் வைத்தால், திப்பி அடியில் தங்கும். கொக்கிப்புழு, உருண்டைப்புழு இவற்றின் முட்டைகள் மேலே மிதந்து வரும். அவற்றைக் கண்ணாடித் தகட்டில் ஒற்றி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் எந்தப் புழு என்று தெரிந்துவிடும்.

பரிசோதனை கெடுவது பெரும்பாலும் மலம் எடுப்பதில்தான். காலையில் நாய் போட்டவுடன், மண் ஒட்டாத மேற்பகுதியில் நெல்லிக்காய் அளவு எடுக்க வேண்டும். கையில் பிளாஸ்டிக் பையை உறை போல் மாட்டிக்கொள்ளலாம். மூடியுள்ள சிறு புட்டியில் போட்டு, ஈரத்துணி சுற்றி, நிழலில் வைத்து, அன்று காலையிலேயே கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். நம்மூர் வெயிலில் கொக்கிப்புழு முட்டை ஓரிரு நாளில் பொரித்துவிடும். நாய் ஆட்டுப் புழுக்கையோ சாணமோ தின்றிருந்தால் அதையும் சொல்லுங்கள். ஆட்டின் புழு முட்டை நாயின் மலத்தில் அப்படியே வெளிவந்து குழப்பும்.

முட்டை தென்படவில்லை என்றால் புழு இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. இளம்புழு முட்டையிடாது. உருண்டைப்புழு தாயின் கருப்பையிலேயே குட்டிக்குப் போய்விடும். கொக்கிப்புழு தாய்ப்பால் வழியே போகும். மலத்தில் முட்டை தெரியுமுன்பே குட்டிகள் வெளுத்துச் சாவதும் உண்டு. எனவே குட்டிகளுக்கு இரண்டு வார வயதிலேயே மருத்துவர் சொல்லும் அளவில் மருந்து தொடங்கிவிட வேண்டும். வளர்ந்த நாய்க்கு ஐயம் நீடித்தால் சில நாள் இடைவெளியில் மறுபடி பரிசோதிக்கலாம்.

நாடாப்புழுவின் முட்டை இம்முறையில் தப்பிவிடுவதுண்டு. தெள்ளுப்பூச்சியால் பரவும் நாடாப்புழுவின் துண்டுகள் வெள்ளரி விதை போல் மலத்தில் நெளியும்; காய்ந்தால் அரிசி போல் ஆசனவாயில் ஒட்டியிருக்கும். இதற்கு நம் கண்ணே நுண்ணோக்கி.

ஆடு வளர்ப்போர் அஞ்ச வேண்டியது வேறொரு நாடாப்புழு. அது சில மில்லிமீட்டர் நீளமே உள்ளது. கண்ணுக்கு எளிதில் படாது. நுண்ணோக்கியிலும் அதன் முட்டையை மற்ற சில நாடாப்புழுக்களின் முட்டையிலிருந்து பிரித்தறிய முடியாது. அம்முட்டை புல்லோடு ஆட்டின் வயிற்றிலும், கழுவாத கையோடு நம் வயிற்றிலும் சென்றால் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டி வளரும். கட்டியுள்ள ஈரலை நாய் தின்றால் மீண்டும் புழு. கோயில் கிடாவெட்டின்போது ஒதுக்கும் ஈரலை நாய்க்கு வீசுவது இரக்கமாகத் தோன்றலாம். வட்டம் சுற்றுவது அங்கேதான். அதை ஆழக் குழி வெட்டிப் புதையுங்கள். கிடை நாய்க்கு நாடாப்புழு மருந்தும் கேட்டு வாங்குங்கள்.

மனிதருக்கு வரும் கொக்கிப்புழு வேறு, நாய்க்கு வரும் கொக்கிப்புழு வேறு என்று பலர் எண்ணுகின்றனர். 1911இல் இலங்கையின் புனுகுப் பூனையில் கண்டறிந்து விவரிக்கப்பட்ட ஒரு கொக்கிப்புழு, நாயின் குடலிலும் மனிதக் குடலிலும் முழுதாய் வளரக்கூடியது. நாய் மலம் கழிக்கும் களத்திலும் தோப்பிலும் சிறுவர்களைச் செருப்பில்லாமல் விடாதீர்கள். மலம் எடுத்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பின்பே மற்ற வேலை.