எல் மயெஸ்த்ரோ: விரலுக்கு எழுதிய இசை
லூயிஸ் மிலான், வலென்சியா, ஸ்பெயின், 1536

விகுவேலா, கிட்டார் போன்ற உடலும் ஆறு இரட்டை நரம்புகளும் கொண்ட வாத்தியம். அதற்கென அச்சாகி இன்று நமக்குக் கிடைக்கும் நூல்களில் இதுவே மிகப் பழையது. இதுவரை வாசித்தறியாதவரும் படிப்படியாகக் கற்கும்படி மிலான் இதை அமைத்தார்.

நூலின் இசைக் குறியீட்டில் ஆறு கோடுகள் ஆறு நரம்பு இணைகளைக் குறிக்கின்றன. கோட்டின் மேலுள்ள எண், விரல் அழுத்த வேண்டிய மெட்டு. 0 என்றால் விரல் வைக்காமல் மீட்ட வேண்டும். ஒலி எவ்வளவு நேரம் நீளும் என்பதை எண் சொல்லாது. அதற்காகவே மேலே காலக் குறிகள்.

பாடல் பக்கங்களில் சிவப்பு எண்களைக் கவனியுங்கள். அவை பாடகருக்குரிய சுரங்கள்.

மேல்கோடு மிக உயர்ந்த சுருதியுள்ள நரம்பு. பிற்பாடு வந்த விகுவேலா நூல்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாக்கின. கிட்டாருக்கான இன்றைய எண் குறியீடான ‘டேப்’ மிலானின் வரிசையிலேயே எழுதப்படுகிறது.