பெயர்ப் பட்டியலில் இருப்பது வெற்றியாளர் அல்ல

ஆண்டுதோறும் ஜனவரியில் இத்தாலியின் அரசுத் தொலைக்காட்சியான ராய், இசைச் செய்தியாளர்களை ஓரிடத்தில் உட்காரவைத்து, மறு மாதம் சான்ரெமோ விழாவில் அரங்கேறப்போகும் புதுப் பாடல்களை ஒரே ஒரு தடவை போட்டுக்காட்டுகிறது. அவ்வளவுதான். உடனே 'பஜெல்லே' வெளிவந்துவிடும். பள்ளிக்கூட மதிப்பெண் அட்டைக்கு இத்தாலியர் வைத்திருக்கும் சொல் அது. ஒவ்வொரு பாட்டுக்கும் பத்துக்கு இத்தனை என்று போட்டுவிடுவார்கள். பிறகு 'சொர்ரீசி ஏ கன்சோனி' வார இதழ் எல்லாப் பாடல் வரிகளையும் அச்சிடும். பந்தய நிறுவனங்கள் யாருக்கு எவ்வளவு என்று விலை சொல்லும். 'ஃபான்டாசான்ரெமோ' என்ற இணைய விளையாட்டில் ஆளுக்கு 100 'பௌதி' கிடைக்கும். விழாவைப் பல முறை நடத்திய பிப்போ பௌதோவின் பெயரில் புழங்கும் கற்பனைப் பணம் இது. அதைக் கொண்டு பாடகர்களை வாங்கி அணி சேர்க்க வேண்டும். ஒருவர்கூட இன்னும் மேடையேறவில்லை, அதற்குள் யார் ஜெயிப்பார் என்று நாடே பேசத் தொடங்கிவிடும். போட்டியாளர் பட்டியலைப் படிப்பதற்கு இதைவிட மோசமான வழி இல்லை என்பதே என் கட்சி.

விழா தொடங்கியபோது அப்படியொரு பட்டியலுக்கே வேலை இருக்கவில்லை. பிரெஞ்சு எல்லைக்கு அருகே, மலர் வணிகத்துக்குப் பேர்போன லிகூரியக் கடற்கரை ஊர் சான்ரெமோ. 1951இல் அங்குள்ள சூதாட்ட விடுதியில் 20 பாடல்களோடு முதல் விழா நடந்தது. நீல்லா பித்ஸி, அக்கீல்லே தொல்யானி, இரட்டையரான ஃபசானோ சகோதரிகள் என்று மூன்றே தரப்புகள்தாம் அத்தனை பாடல்களையும் பாடின. போட்டி பாடல்களுக்கிடையில், பாடகர் அவற்றைச் சுமந்துவரும் ஆள், அவ்வளவே. பின்னாளில் ஒரே பாட்டை இருவர் தனித்தனியே பாடும் முறை வந்தது. உலகம் 'வோலாரே' என்று அறிந்த பாட்டை 1958இல் தொமெனிகோ மொதூனோவுடன் ஜோனி தொரெல்லியும் பாடித்தான் பரிசு பெற்றார்கள். காலப்போக்கில் பாட்டைவிடப் பெயர் பெரிதாகிவிட்டது. ஆனாலும் பெயரைப் பார்த்து முடிவைச் சொல்வது கைகூடவே இல்லை. 1983இல் வாஸ்கோ ரோஸ்ஸி கடைசிக்கு முந்தைய இடத்துக்குத் தள்ளப்பட்டார். அவர் அன்று பாடிய 'வீத்தா ஸ்பெரிகொலாத்தா' இத்தாலிய ராக்கின் அடையாளமாகவே ஆகிவிட்டது. 1985இல் இத்ஸுக்கெரோவுக்கும் கிட்டத்தட்ட அதே கதி. தனனாய் 2022இல் கடைசி இடம், மறு ஆண்டே 5ஆம் இடம். விளையும் பயிர் முளையிலே தெரியும் என்ற கணக்கு இந்த ஊரில் எடுபடாது.

எடுபடாததற்குக் காரணம் வாக்கு முறை. ரசிகர்களின் தொலைபேசி வாக்கு, செய்தியாளர் அறை, வானொலிக்காரர்கள் என்று 2025இல் மூன்று தரப்பினர் ஏறக்குறைய சம பங்கோடு தீர்ப்பளித்தார்கள். மூவரும் மூன்று வெவ்வேறு இத்தாலியர்கள். 2024 இறுதிச் சுற்றில் நேப்பிள்ஸ் ராப் பாடகர் ஜெயோலியேர் தொலைபேசி வாக்குகளில் சுமார் 60 விழுக்காட்டை அள்ளியும் இரண்டாவதாகத்தான் வந்தார். மற்ற இரு தரப்பும் ஆஞ்செலினா மாங்கோ பக்கம் நின்றன. 2019இல் தொலைபேசி வாக்கில் உல்திமோவுக்கு வெகுதூரம் பின்னால் இருந்த மஹ்மூதை நடுவர்கள் வெற்றியாளராக்கினார்கள். ஆகவே 'இந்தப் பாட்டு நன்றாக இருக்கிறதா' என்று கேட்டுப் பயனில்லை. 'இவர் யாருக்காக வந்திருக்கிறார்' என்று கேட்டால்தான் பட்டியல் வாய் திறக்கும்.

2025 பிப்ரவரி 11 முதல் 15 வரை நடந்த விழாவின் பட்டியலை அப்படிப் படித்துப் பார்க்கலாம். அறிவிக்கப்பட்ட 30 பேரில் ஒருவர் விலக, 29 பேர் அரிஸ்தோன் அரங்கில் பாடினார்கள். மஸ்ஸிமோ ரனியேரி விழா பிறந்த அதே 1951இல் பிறந்தவர். 1988இல் பரிசு வென்றவர். அவருக்கு எதிர்முனையில் சாரா தொஸ்கானோ, வயது 19, தொலைக்காட்சித் திறன்போட்டியிலிருந்து நேராக வந்தவர். இருவருக்கும் நடுவே அரை நூற்றாண்டு இருக்கிறது. ரனியேரியின் ரசிகர்கள் பாட்டி, தாத்தா. தொஸ்கானோவின் ரசிகர்கள் பேரப்பிள்ளைகள். குடும்பமே ஒரே சோஃபாவில் அமர்ந்து பார்க்க வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சேர்த்த பெயர்கள் இவை. அடுத்தது ஊர். சலேர்னோவின் ரோக்கோ ஹண்ட் நேப்பிள்ஸ் வட்டார வழக்கைக் கொண்டுவந்தார். ரோமின் தோனி எஃபே, ராப்பை விட்டுவிட்டு ரோமாபுரித் தெருப்பாட்டு பாணியில் இறங்கினார். பாரியிலிருந்து செரேனா பிரங்காலே, கலாப்ரியாவிலிருந்து புருனோரி, ஜெனோவாவிலிருந்து ஓல்லியும் பிரெஷும். சிமோனே கிறிஸ்திக்கி, முதுமையில் குழந்தையாகிவிட்ட தாயைப் பற்றிய பாட்டோடு வந்தார். வாக்குப்பெட்டியைவிட வீட்டுக்கூடத்தில் கனமாக இறங்கும் பாட்டு அது. 1995 வெற்றியாளர் ஜோர்ஜாவின் குரலை எல்லோரும் மதித்தார்கள், பந்தயக்காரர்களும் முன்வரிசையில் வைத்தார்கள். லூச்சோ கோர்சி என்பவரோ தொஸ்கானா கிராமப்புறத்து இளைஞர். முகத்தில் வெள்ளைப் பூச்சு, 1970களின் கிளாம் ராக் தோரணை. அவர் யாரென்று பெரும்பாலான பார்வையாளர்களுக்கு அப்போது தெரியாது.

இப்படிப் படிப்பதற்கு இரண்டு எதிர்ப்புகள் வரலாம். முதலாவது, முன்கணிப்பு பலிப்பதும் உண்டே என்பது. உண்மைதான். 2022இல் மஹ்மூதும் பிளாங்கோவும், 2023இல் மார்கோ மெங்கோனியும் எல்லோரும் சொன்னபடியே வென்றார்கள். ஆனால் அவர்கள் மூன்று தரப்பையும் ஒருசேர வசப்படுத்தக்கூடியவர்கள். யார் யாருக்காக வந்திருக்கிறார் என்று கேட்டிருந்தாலும் அதே விடைதான் கிடைத்திருக்கும். ஒருமுறை கேட்டுப் போட்ட மார்க்குக்கு அதில் பெருமை இல்லை. இரண்டாவது எதிர்ப்பு கனமானது. இந்தப் பட்டியலை மக்களா தேர்ந்தெடுத்தார்கள்? விழாவின் கலை இயக்குநர் என்ற ஒரே மனிதர், அந்த ஆண்டில் கார்லோ கோந்தி, தேர்ந்தெடுக்கிறார். பின்னால் இசை நிறுவனங்கள் வரிசையில் நிற்கின்றன. பல பாடல்களின் ஆசிரியர் பெயர்களைப் பார்த்தால் அதே சிலர் திரும்பத் திரும்ப வருகிறார்கள். 2025இல் இது பெரிய சர்ச்சையே ஆனது. பிறகு எப்படி இது இத்தாலியின் முகமாகும்? முகம் என்று நான் சொல்லவில்லை. ஒரு அரசுத் தொலைக்காட்சி தன் நாட்டை எப்படிக் கற்பனை செய்துகொள்கிறது என்பதன் வரைபடம் இது. பாட்டெழுதும் கைகள் சுருங்குவதும், தெற்கத்திய வழக்குகள் பெருகுவதும், முதியவர்களுக்கு இரண்டு மூன்று இடம் ஒதுக்குவதும் அந்த வரைபடத்தின் கோடுகள்தாம். குறை சொல்வதற்கும் பட்டியலை இப்படித்தான் படித்தாக வேண்டும். பத்துக்கு ஆறரை என்ற மார்க்கில் இதில் ஒன்றும் தெரியாது.

இறுதி இரவில் முதல் ஐவரில் ஜோர்ஜாவின் பெயர் இல்லை என்றதும் அரங்கம் கூச்சலிட்டது. அவர் 6ஆம் இடம். ஓல்லி வென்றார். யாரென்றே தெரியாத கோர்சி அரை விழுக்காட்டுக்கும் குறைவான வித்தியாசத்தில் இரண்டாமவர். விமர்சகர்களின் மியா மார்த்தீனி பரிசும் அவருக்கே. நாடுகளுக்கிடையிலான பாட்டுப் போட்டியான யூரோவிஷனுக்குப் போகும் உரிமையை ஓல்லி வேண்டாமென்று விட்டுவிட, மே மாதம் சுவிட்சர்லாந்தின் பாசல் நகருக்கு இத்தாலிக்காகப் போனவர் கோர்சி. கருவிகளை மேடையில் நேரடியாக வாசிக்க அனுமதியில்லாத அந்தப் போட்டியில், பாடுவதற்காகத் தந்த மைக்கிலேயே மவுத் ஆர்கனை வைத்து ஊதினார். 5ஆம் இடம் கிடைத்தது.