மார்பைப் பிளக்காமல் இதய வால்வு மாற்றம்

பால் வாளியுடன் மேடேறுகையில் மூச்சு வாங்கினால், "வயதாகிவிட்டது" என்று அமர்ந்துவிடுவது நம் தோட்டங்களில் வழக்கம். சிலருக்குக் காரணம் வயது மட்டுமன்று. இதயத்திலிருந்து உடலெங்கும் இரத்தம் செல்லும் வாயிலிலுள்ள பெருந்தமனி வால்வின் சுருக்கமேயாகும். 3 முதல் 4 சதுர சென்டிமீட்டர் திறக்க வேண்டிய அவ்வால்வு, சுண்ணாம்பு படிந்து இறுகி, 1 சதுர சென்டிமீட்டருக்கும் குறைவாகத் திறக்கும் நிலை வருவதுண்டு. மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, மயக்கம் ஆகியவை தோன்றிய பின்னரும் வாளாவிருப்போருள் ஏறத்தாழப் பாதிப்பேர் ஈராண்டுக்குள் உயிரிழக்கின்றனர். மருந்தினால் வால்வு விரிவதில்லை. மாற்றியே ஆக வேண்டும்.

முன்னர் இதற்கு மார்பெலும்பைப் பிளந்து, இதயத்தை நிறுத்தி வைத்தே சிகிச்சை செய்தனர். முதியோர் பலர் அதனைத் தாங்கார். 2002ஆம் ஆண்டு பிரான்ஸ் நாட்டின் ருவான் நகரில் டாக்டர் அலென் கிரிபியே, இரத்தக் குழாய் வழியே புதிய வால்வைச் செலுத்திப் பொருத்தினார். இன்று பெரும்பாலும் தொடைத் தமனி வழியாகச் செல்லும் மடக்கிய வால்வு, பழைய வால்வினுள்ளேயே விரிந்து அமர்கிறது. பலர் சில நாட்களில் வீடு திரும்புகின்றனர். கோலாலம்பூரிலுள்ள தேசிய இருதயக் கழகத்தில் இச்சிகிச்சை உண்டு.

இவ்வால்வு மாடு அல்லது பன்றியின் திசுவினால் ஆனது. சமய நம்பிக்கையால் தயங்குவோர் மருத்துவரிடம் முன்கூட்டியே மனம்விட்டுப் பேசுதல் நன்று. இளையோருக்கு மார்பைத் திறக்கும் சிகிச்சையே ஏற்றதாகலாம். செலவு மிகுதிதான், மருத்துவமனையின் சமூகப் பணி அதிகாரியிடம் உதவி பற்றிக் கேட்கலாம்.

இதற்கென நேரே தலைநகர் செல்ல வேண்டியதில்லை. அருகிலுள்ள அரசாங்க சுகாதார கிளினிக்கில் மருத்துவர் மார்பில் குழல் வைத்துக் கேட்டாலே பெரும்பாலும் ஐயம் எழும். பின்னர் எக்கோ பரிசோதனை வால்வின் நிலையைக் காட்டிவிடும். அதில் ஊசியுமில்லை, வலியுமில்லை.