நாய் தின்றுவிட்டதா? அறிகுறிக்காகக் காத்திருக்க வேண்டாம்

பாயசத்துக்கு வாங்கி வைத்த கிஸ்மிஸ் பொட்டலம் கிழிந்து கிடக்கிறது. பக்கத்திலேயே நாய் வாலை ஆட்டிக்கொண்டு நிற்கிறது. "நல்லாத்தானே இருக்கு, பார்த்துக்கலாம்" என்று விட்டுவிடத் தோன்றும். ஆனால் நாயைக் காப்பாற்ற நமக்குக் கிடைக்கும் நல்ல நேரமே அதுதான்.

கிஸ்மிஸ் போன்ற சில உணவுகள் நாய்க்கு நஞ்சு; ஒவ்வொரு நஞ்சும் ஒவ்வொரு வேகத்தில் வேலை செய்யும். சர்க்கரை சேர்க்காத சூயிங்கம்மில் இருக்கும் சைலிட்டால், அரை மணி நேரத்திலேயே ரத்தச் சர்க்கரையைச் சரித்துவிடக்கூடும். சாக்லேட்டில் உள்ள தியோபுரோமின் சில மணி நேரத்தில் படபடப்பு, நடுக்கம், வலிப்பு என்று காட்டும். திராட்சையும் கிஸ்மிஸும் முதல் நாள் வெறும் வாந்தியோடு நின்றதுபோலத் தெரியும்; சிறுநீரகம் செயலிழப்பது அடுத்த ஓரிரு நாளில். வெங்காயமும் பூண்டும் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. ஈறு வெளுத்து நாய் சுருண்டு படுக்கச் சில நாள்கூட ஆகலாம். சமைத்தாலும் அந்த நஞ்சு போகாது; சாம்பாரில் வெந்த சின்ன வெங்காயமும் இதில் அடக்கம்.

உடனே செய்ய வேண்டியவை

1. மிச்சத்தை அப்புறப்படுத்துங்கள். வாயில் ஒட்டியிருப்பதைக் கடிபடாமல் எடுக்க முடிந்தால் மட்டும் எடுங்கள்.
2. என்ன தின்றது, எவ்வளவு, எப்போது, நாயின் எடை என்ன என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். உறையைத் தூக்கி எறியாதீர்கள்.
3. கால்நடை மருத்துவரை உடனே போனில் அழையுங்கள். வலிப்பு, மயக்கம், மூச்சுத்திணறல் இருந்தால் நேரே கிளம்பிவிடுங்கள். போகும் வழியில் பேசிக்கொள்ளலாம்.

உறையும் எடையும் ஏன் முக்கியம்? 10 கிலோ எடையுள்ள நாய்க்குச் சுமார் 100 கிராம் பால் சாக்லேட்டில் தொடங்கும் பாதிப்பு, 40 கிராம் டார்க் சாக்லேட்டிலேயே தொடங்கிவிடலாம். கிஸ்மிஸுக்கோ இப்படிக் கணக்குப் போடவே முடியாது. நிறையத் தின்றும் தப்பிய நாய் உண்டு, கொஞ்சம் தின்று படுத்துவிட்ட நாயும் உண்டு. எனவே எவ்வளவு தின்றிருந்தாலும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

செய்யக் கூடாதவை

விஷம் என்றதும் உப்புக்கரைசலோ புளிக்கரைசலோ ஊற்றி வாந்தி எடுக்க வைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. நாய்க்கு இரண்டுமே கெடுதல். உப்பு, ரத்தத்தில் சோடியத்தை ஏற்றி மூளையைப் பாதிக்கும். திராட்சையில் சிறுநீரகத்தைக் கெடுப்பது டார்டாரிக் அமிலம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நம் வீட்டுப் புளியிலும் அது நிறைய இருக்கிறது. தொண்டையில் விரலை விடுவது, எண்ணெய் புகட்டுவது, பால் கொடுப்பது எதுவும் வேண்டாம். துவண்டு கிடக்கும் நாய் வாந்தி எடுத்தால் அந்த வாந்தி நுரையீரலுக்குள் போய்விடக்கூடும்.

மருத்துவர் என்ன செய்வார்?

தின்று சுமார் இரண்டு மணி நேரத்துக்குள் போனால், ஊசி போட்டுப் பாதுகாப்பாக வாந்தி எடுக்க வைக்கலாம். வயிற்றில் தங்கிய நஞ்சைப் பிடித்துக்கொள்ளும் கரித்தூள் மருந்தைத் தேவைப்பட்டால் கொடுப்பார். சிறுநீரகத்தைக் காக்க டிரிப் ஏற்றுவார். நேரம் கடந்துவிட்டால் இவற்றில் முதல் வழி அடைபட்டுவிடும்.

அருகிலுள்ள கால்நடை மருத்துவரின் எண்ணையும், இரவில் திறந்திருக்கும் மருத்துவமனையின் எண்ணையும் இன்றைக்கே போனில் பதிந்து வையுங்கள். "பயமில்லை" என்ற வார்த்தையை மருத்துவர் சொல்லட்டும். அவர் சொல்வதற்கு முன் நாமே சொல்லிக்கொள்ள வேண்டாம்.