பக்கத்து வீட்டுக்கு வட்டி வந்தது சாட்சியாகுமா?

மாதம் பத்து சதவீதம் தருவதாகச் சொல்லும் நிறுவனத்தில் பணம் போடுகிறவர்கள் விசாரிக்காமல் போடுவதில்லை. ஏற்கெனவே போட்டவரைக் கேட்கிறார்கள். நாலு மாதமாகத் தேதி தவறாமல் வருகிறது என்று அவர் பாஸ்புக்கை நீட்டுகிறார். அலுவலகத்துக்குப் போகிறார்கள், ஏசி ஓடுகிறது, சுவரில் ஜிஎஸ்டி சான்றிதழ் தொங்குகிறது. பிறகு ஏமாந்து நிற்கும்போது ஊர் அவர்களைப் பேராசைக்காரர்கள் என்கிறது. என் கணிப்பில் பிசகு அவர்கள் கேட்ட கேள்வியில்தான். "இது உண்மை என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டவர்கள், "மோசடியாக இருந்தாலும் இதே ஆதாரம் இருக்குமா?" என்று கேட்கவில்லை. இருக்கும் என்றால் அந்த ஆதாரத்துக்கு எடையே கிடையாது.

புதிதாக வருபவரின் முதலை எடுத்து முன்னால் வந்தவருக்கு வட்டியாகக் கொடுப்பதுதான் போன்சி மோசடி. ஆரம்பத்தில் வட்டி ஒழுங்காக வந்தாக வேண்டும். வராவிட்டால் அடுத்தவர் சேரமாட்டார். 1920இல் பாஸ்டனில் சார்லஸ் போன்சி, 45 நாளில் 50 சதவீதம் என்று சொல்லி வசூலித்தார், முதலில் போட்டவர்களுக்குக் கொடுக்கவும் செய்தார். தபால்தலையாக மாற்றிக்கொள்ளக்கூடிய தபால் பதில் கூப்பன்களை வெளிநாட்டில் மலிவாக வாங்கி அமெரிக்காவில் மாற்றுவதில் லாபம் என்றார். பத்திரிகையாளர் கிளாரன்ஸ் பாரன் கூப்பனை எண்ணிப் பார்த்தார்: அவ்வளவு பணத்துக்கு 16 கோடி கூப்பன் வேண்டும், புழக்கத்தில் இருந்தவையோ சுமார் 27,000. நம் பெருந்துறையில் 2012இல் கவிழ்ந்த ஈமு திட்டத்தில் ஒன்றரை லட்சம் கட்டியவருக்கு ஆறு குஞ்சு, கொட்டகை, தீவனம், மாதம் 6,000 ரூபாய். பறவை கண்ணெதிரே நின்றது. திட்டம் பொய்யானாலும் அது அங்கேதான் நின்றிருக்கும். ஈமுவின் கறியையும் எண்ணெயையும் எந்தக் கடையில், யார், என்ன விலைக்கு வாங்குகிறார்கள் என்று தேடியிருந்தால்தான் உண்மையும் பொய்யும் பிரிந்திருக்கும். கணக்கும் உதவும். மாதம் பத்து சதவீதத்தை எடுக்காமல் விட்டால் ஒரு லட்சம் ஐந்தே ஆண்டில் மூன்று கோடியைத் தாண்டும். அப்படிச் சம்பாதிக்கத் தெரிந்தவர் வங்கிக் கடனை விட்டுவிட்டு நம் வீட்டு நகைப் பணத்துக்கு ஏன் வருகிறார்?

எல்லாவற்றையும் சந்தேகப்பட்டால் பிழைக்க முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. சந்தேகத்தை எல்லா இடத்திலும் தெளிக்க வேண்டியதில்லை. மோசடிக்காரரால் காட்ட முடியாததைக் கேட்டால் போதும். ஜிஎஸ்டி எண்ணும் கம்பெனிப் பதிவும் பொதுமக்களிடம் டெபாசிட் வாங்க அனுமதி ஆகாது. அந்த அனுமதி உண்டா என்பதை ரிசர்வ் வங்கியின் 'சசேத்' இணையதளத்தில் பார்க்கலாம். சீட்டு என்றால் 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவாளரிடம் பதிவாகியிருக்க வேண்டும். வங்கியும் ஊரார் பணத்தில்தானே ஓடுகிறது என்பார்கள். ஆனால் அதன் வருமானம் கடன் வட்டியாகக் கணக்கில் தெரிகிறது, டெபாசிட்டுக்கு 5 லட்சம் வரை காப்பீடும் உண்டு. இன்னும் கெட்டிக்காரத்தனமான பேச்சு ஒன்று இருக்கிறது: "மோசடிதான், தெரியும், முதலில் போட்டுச் சீக்கிரம் எடுத்துவிடுவேன்." கவிழும் தேதி அவருக்குத் தெரியாது. கமிஷனுக்காக மற்றவர்களைத் தெரிந்தே சேர்த்துவிட்டால், முறைப்படுத்தப்படாத டெபாசிட் திட்டங்களைத் தடைசெய்யும் 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி அவரும் குற்றவாளி. ஓராண்டுக்குக் குறையாத சிறை.

பணம் போய்விட்டாலும் சட்டம் கைவிடவில்லை. தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டின் முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டப்படி பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் தரலாம். நிறுவனத்தின் சொத்தை முடக்கி, விற்று, முதலீட்டாளர்களுக்குப் பிரித்துக் கொடுக்கச் சிறப்பு நீதிமன்றம் இருக்கிறது. ரசீது, ஒப்பந்தம், வங்கிக் கணக்கு விவரம், ஏஜென்ட்டின் வாட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்கக் கூடாது. அசல் பத்திரத்தை 'புதுப்பித்துத் தருகிறோம்' என்று கேட்டால் கொடுக்கக் கூடாது. அந்த நேரத்தில் ஏஜென்ட் வந்து, போலீசுக்குப் போனால் எல்லாம் முடங்கிவிடும், மூன்று மாதம் பொறுங்கள் என்பார். அங்கேயும் அதே கேள்விதான்: திருப்பித் தரும் எண்ணமே இல்லாதவரும் இதைத்தானே சொல்வார்? அந்த மூன்று மாதத்தில் நிலமும் காரும் வேறு பெயருக்கு மாறிவிடலாம். முடக்குவதற்குச் சொத்து மிச்சம் இருக்கும்போதே புகார் போய்ச் சேர வேண்டும்.